மூன்று பேருக்கான சஹன்

திங்கட்கிழமை வரைக்கும் என் கணவரின் எடை எழுபத்திரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தூத்துக்குடி டாக்டர் அதைத்தான் கடைசியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தாண்டினால் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும். தாண்டாவிட்டால் இன்னும் சில மாதங்கள் மாத்திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். போன வாரம் இந்தத் தொடரை அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தியிருந்தேன்.

திங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருந்தது. என் கணவர் முஸம்மிலின் தம்பி ஹபீபுடைய மகளுக்குக் கல்யாணம். நிக்காஹ் முந்தின இரவே பள்ளிவாசலில் முடிந்துவிட்டது. ஞாயிறு பகல் விருந்து. மாலையில் மாப்பிள்ளை ஊர்வலமாகப் பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவது. என் கணவரும் அப்படி என் வீட்டுக்கு வந்தவர்தான். ஹபீபும் மூன்று வீடு தள்ளி, அதே தெருவில், தன் மனைவி ஷஃபீகாவின் வீட்டில் இருந்தார்.

கால் வீங்குவது காலின் நோயே இல்லை என்று எனக்குப் புரிய வைத்தவர் அந்த டாக்டர்தான். கிட்னி உப்பை வெளியே தள்ளவில்லை. உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்ணீர் பள்ளம் பார்த்து இறங்குகிறது. அவ்வளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. நாளெல்லாம் குடிப்பது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர், டீயும் அதில் அடக்கம். உட்காரும்போதெல்லாம் காலை ஏந்தி வைக்க வேண்டும். வலிக்கிறது என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. நீர் பிரிய ஒரு மாத்திரை, காலையில். விடியலில் சுபுஹு தொழுததும் எடை. படுத்தால் மூச்சு முட்டினால் அன்றைக்கே வர வேண்டும், எந்த நேரமானாலும்.

ஏழு மாதம் அப்படியே செய்தோம். என் கையால் தினமும் அந்தக் காலுக்குக் கட்டு மாற்றினேன். தோல் இழுபட்டு மினுமினுவென்று இருக்கும். ஊசி முனையளவு துளை கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ இருந்து நீர் கசியும். பஞ்சு நனைந்து, துணி நனைந்து, மெத்தை நனையும். இறால் கழுவிய தண்ணீர் மறுநாள் வரை கொட்டாமல் கிடந்தால் ஒரு வாடை அடிக்குமே, அது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார்கள். எடுத்ததும் பள்ளம் அப்படியே நிற்கும். "அல்லா, எவ்வளவு ஆழம்" என்று அடுத்தவரையும் அமுக்கிப் பார்க்கச் சொல்வார்கள். மாவு பதம் பார்ப்பது போல. அந்த விரல்களை ஒவ்வொன்றாக முறிக்க வேண்டும் போல இருக்கும் எனக்கு. அமுக்கிவிட்டு அவர்கள் போய்க் கை கழுவுவதையும் பார்த்திருக்கிறேன்.

என்னையும் விட்டுவிட்டு எழுத முடியாது. வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டில் பெண்களெல்லாம் மருதாணி வைத்தோம். "மருதாணிக் கையோட இதத் தொடாத. நானே கட்டிக்கிடுதேன்" என்றார் அவர். சரி என்றேன். சனிக்கிழமை நிறம் பிடித்து, காய்ந்து உதிர்ந்த பிறகும் நான் கேட்கவில்லை. இரண்டு நாள் அந்தக் காலைத் தொடாமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. சனியும் ஞாயிறும் காலையில் "இன்னைக்கு ஒரு நாளு எடை வேண்டாம், விடு" என்றபோதும் விட்டுவிட்டேன்.

உப்பில்லாத சோறும் கத்திரிக்காயும் சமைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே ஷஃபீகாவிடம் போனேன். அடுப்படியில் நெய் வாசனை மூச்சை அடைத்தது.

"ஷஃபீகா, உன் காக்காவுக்கு இத ஒரு தட்டுல வச்சுக் குடுக்கச் சொல்லு."

காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். ஷஃபீகாவும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். என்னை லாத்தா, அதாவது அக்கா, என்பாள்.

"தனித் தட்டா லாத்தா?"

"ஆமா."

"சஹன்ல உக்காருற ஆளுக்குத் தனித் தட்டு வச்சா என்ன சீக்குன்னு கேப்பாங்களே."

சஹன் என்பது பெரிய தாம்பாளம். எங்கள் ஊர் விருந்தில் ஆளுக்கொரு இலை கிடையாது. ஒரு சஹனில் நெய்ச்சோறும் கறியும் கொட்டி, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்பார்கள். கூட உட்கார்ந்து கை போடுவதுதான் உறவு. பெண்ணின் பெரியவாப்பா என்கிற முறையில் என் கணவர் முதல் சஹனில், சம்பந்தியோடு உட்கார வேண்டியவர்.

"கேட்டா கிட்னி சீக்குன்னு சொல்லு. அது என்ன ஒட்டவா செய்யும்?"

"ஒட்டாதுன்னு நமக்குத் தெரியும். அவங்க இன்னைக்குத்தான் மொதமொதலா நம்ம வீட்டுல கை நனைக்காங்க. நெய்ச்சோத்துக்குப் பக்கத்துல இந்த வெள்ளச் சோத்த வச்சா நல்லாவா இருக்கும்? ஒரு நாள் லாத்தா. ஒரு நாள் உப்பு திண்ணா மனுசன் செத்தா போவான்?"

அவள் தூக்குச்சட்டியை வாங்கி, வெங்காயத் தோல் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் வரை அது அங்கேயேதான் இருந்தது.

ஆண்களுக்கு விருந்து தெருவில், பந்தலுக்குக் கீழே. பெண்கள் நாங்கள் மாடி ஜன்னலில். எனக்கு நேர் கீழே முதல் சஹன். என் கணவர், சம்பந்தி நூஹு ஹாஜி, ஹாஜியின் தம்பி. என் கணவரால் சம்மணம் போட முடியாது. காலை ஒரு பக்கமாக நீட்டி, வெள்ளைச் சாரத்தால் பாதம் வரை மூடி, ஒரு கையைப் பாயில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஜித்தாவில் இருபத்தாறு வருடம் கடையில் நின்ற கால்கள். ஹாஜி ஏதோ கேட்க, இவர் சிரித்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி மூன்று கைகளும் சோற்றில் விழுந்தன. எனக்குக்கூட ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது வாயில் ஹாஜி நிறுத்தினார். தன் முழங்காலுக்கு அடியில் பாயைத் தடவினார். விரலைப் பார்த்தார்.

"இது என்ன, தண்ணி கொட்டிக் கிடக்கு?"

"தண்ணி இல்ல. என் காலு. கட்டு நனைஞ்சிருச்சு போல" என்றார் என் கணவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். குறைந்தபட்சம் அன்று பகல் வரைக்கும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"காலா?"

வெள்ளைச் சாரத்தில் முழங்காலிலிருந்து பாதம் வரை ஈரம் ஏறியிருந்ததை மாடியிலிருந்தே பார்க்க முடிந்தது. ஹாஜி விரலைப் பாயின் காய்ந்த பக்கத்தில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு கறிச்சட்டியோடு நின்ற ஹபீபைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கன காத்தே இல்ல. எனக்கு அங்கன ஒரு சஹன் வையுங்கோ."

அவர் தலைக்கு நேர் மேலே ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது.

ஹாஜி எழுந்தார். அவர் தம்பியும் எழுந்தார். போகிற வழியில் இரண்டு பேரும் கை கழுவினார்கள், இன்னும் சாப்பிடப் போகிற கையை.

ஹபீப் ஒரு கணம் நின்றார். அண்ணனைப் பார்த்தார். ஹபீப் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும், அந்த இடத்தில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டிருந்தால் போதும்.

"காக்கா, இந்தா வந்திருதேன்" என்றார். சட்டியோடு ஹாஜியின் பின்னால் போனார். வரவில்லை.

பக்கத்துச் சஹன்களில் இருந்தவர்கள் தங்கள் சோற்றையே உற்றுப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒருவர்கூட நகர்ந்து வந்து அந்தச் சஹனில் கை போடவில்லை. அதில் பாதிப் பேர் இவர் அனுப்பிய விசாவில் ஜித்தா போனவர்கள்.

என் கணவர் எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்தார். சாப்பிட ஆரம்பித்தார்.

முதலில் தன் பக்கத்தைச் சாப்பிட்டார். பிறகு சஹனைச் சற்றே திருப்பி, ஹாஜி கை போட்டுக் குழைத்திருந்த பக்கத்தைச் சாப்பிட்டார். பிறகு மூன்றாவது பக்கம். எலும்பை உறிஞ்சினார். புளியாணம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். மாங்காய் கேட்டார். ஏழு மாதம் உப்புப் படாத நாக்கு. நான் ஃபோன் போட்டேன். எடுத்துப் பார்த்து, பாயில் கவிழ்த்து வைத்தார். மறுபடியும் போட்டேன். கவிழ்ந்து கிடந்த ஃபோன் பாயில் நடுங்கிக்கொண்டே இருந்தது, அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பந்தலில் பேச்சு குறைந்துவிட்டது. எல்லாரும் பார்க்காதது போலப் பார்த்தார்கள். மூன்று ஆண்களுக்கான சோற்றையும் கறியையும் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றார். கடைசியில் விரல்களை நக்கினார். எனக்குக் குமட்டியது. நக்கிய அவரைப் பார்த்தா, பார்த்துக்கொண்டிருந்த அவர்களைப் பார்த்தா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகவில்லை.

"காக்காவுக்கு நல்ல பசி" என்றாள் என் பக்கத்தில் நின்ற ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

மூன்று வீட்டைக் கடக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. உள்ளே வந்ததும் கட்டிலில் உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தேன். பஞ்சு பிழியும் அளவுக்கு ஊறியிருந்தது. அதற்குக் கீழே கால் நான் வெள்ளிக்கிழமை பார்த்த கால் இல்லை. தொடை வரை ஏறியிருந்தது. கெண்டைக்காலில் முட்டை அளவில் ஒரு கொப்புளம், அதன் பக்கத்தில் உடைந்துபோன இன்னொன்று. விரல்களுக்கு இடையில் தோல் வெள்ளையாக ஊறிப் பிரிந்திருந்தது.

ஒரு சாப்பாட்டில், ஒரு மணி நேரத்தில் இது வராது. அது எனக்குத் தெரியும்.

"மாத்திரை போட்டீங்களா?"

"எந்த மாத்திரை?"

"தண்ணி மாத்திரை."

அவர் சுவரைப் பார்த்தார். "நாலு நாளா போடல."

"ஏன்?"

"அதப் போட்டா மணிக்கு ரெண்டு தடவ எந்திரிச்சு ஓடணும். கல்யாண வீட்டுல எல்லார் முன்னாலயும் எத்தன தடவ எந்திரிப்பேன்? இந்தக் கால வச்சுக்கிட்டு? கல்யாணம் முடியட்டும்னு நெனைச்சேன்."

"தினமும் காலையில எனக்கு முன்னாலதான் வாயில போட்டீங்க."

"போட்டேன். பொறவு துப்பிட்டேன்."

இழுத்துக்கொண்டுபோய் எடை மெஷினில் நிறுத்தினேன். எழுபத்தாறு புள்ளி நான்கு. இறங்கி நின்று மூச்சு வாங்கினார். படுங்கள் என்றேன். படுத்தவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தொண்டைக்குள் கொப்பளிப்பது போல ஒரு சத்தம்.

ஆறுமுகனேரி மாரிராஜுக்கு ஃபோன் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவர் கார்தான். கால் மணி நேரத்தில் தெருமுனைக்கு வந்தவர் திரும்பக் கூப்பிட்டார்.

"அக்கா, தெரு பூரா சேரு போட்டிருக்காவ. வண்டி உள்ள வராது."

மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகப் பந்தலில் பாயைச் சுருட்டிவிட்டு வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஹாஜி வீட்டு ஆண்கள் மாலை அசர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஹபீபுக்குச் சொல்லி அனுப்பும் முன்பே அவரே வந்துவிட்டார். கார் வந்து நின்றதை யாரோ சொல்லியிருப்பார்கள்.

அண்ணனின் மூச்சைக் கேட்டதும் முகம் மாறியது. அழுகிற மாதிரிதான் நின்றார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது இது:

"லாத்தா, பின்னால முடுக்கு வழியா கூட்டிட்டுப் போயிருங்கோ. வண்டிய அடுத்த தெருவுக்கு வரச் சொல்லுதேன்."

"முடுக்கு வழியாவா?"

"மாப்பிள்ள வார நேரம். ஒரு நோயாளிய முன்னால கொண்டு போனா அவங்க சகுனம் கிகுனம்னு... நாம பாக்க மாட்டோம், அவங்க பாப்பாங்க."

எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று ஒரு சந்து ஓடும். பெண்கள் தெருவுக்கு வராமல் வீடு விட்டு வீடு போவதற்கான பாதை. பெண்கள் வருகிறார்கள் என்றால் ஆண்பிள்ளை அதில் கால் வைக்க மாட்டான். அறுபத்தொரு வயது மனிதரை, இந்தத் தெருவுக்கு மாப்பிள்ளையாகக் குதிரையில் வந்தவரை, அந்தச் சந்து வழியே ஒளித்துக் கடத்தச் சொன்னார் கூடப் பிறந்தவர். அதுவும் நூறடி நடக்க வேண்டும். அவரால் பத்தடி நடக்க முடியாது.

"காக்கா, கோவிச்சுக்கிடாதீங்கோ" என்றார் ஹபீப்.

என் கணவர் தலையை ஆட்டினார். "முடுக்குலயே போயிருவோம் ராஹிலா" என்றார். எழுந்திருக்கவும் கையை ஊன்றினார்.

அவர் மீதுதான் எனக்கு அந்த நேரம் அதிகம் அருவருப்பு வந்தது. துப்பிய மாத்திரை, வழித்த சஹன், இப்போது இது. யாருக்காக இந்த மானம், அவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லையே.

"உக்காருங்கோ" என்றேன்.

தலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு முன்வாசலைத் திறந்தேன். ஆண்கள் கூடியிருக்கும் தெருவில், பகலில், நான் தனியாக இறங்கியது அதுதான் முதல் தடவை. நேரே போய் முதல் நாற்காலியைத் தூக்கி ஓரத்தில் போட்டேன். இரண்டாவது. மூன்றாவதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்கோ" என்றேன்.

எழுந்தார். அதையும் தூக்கிப் போட்டேன். ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். "யாரு வீட்டுப் பொம்பள இது?" என்று ஹாஜியின் தம்பி கேட்டது காதில் விழுந்தது.

"மத்தியானம் நீங்க எந்திரிச்சுப் போனீங்களே, அந்தச் சஹன்ல உக்காந்திருந்தவர் வீட்டுப் பொம்பள" என்றேன்.

ஆறாவது நாற்காலிக்கு நான் குனிந்தபோது நான்கைந்து பேர் எழுந்து மீதியைத் தாங்களே நகர்த்தினார்கள். இரக்கத்தால் என்று நான் ஏமாறவில்லை. ஒரு பெண் தங்கள் காலடியில் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான். மாரிராஜ் காரை வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். நானும் அவரும் இரண்டு பக்கமும் தாங்கி என் கணவரை ஏற்றினோம். ஹபீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் வாரேன் காக்கா."

"மாப்பிள்ள வாராங்க. நீ நில்லு" என்றார் என் கணவர்.

அவர் நின்றுவிட்டார்.

ஆறுமுகனேரி போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. திருச்செந்தூர் வண்டி வர வேண்டும். ஏசியைக் கூட்டச் சொன்னேன், ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். அவர் முன் சீட்டைக் கட்டிப் பிடித்துக் குனிந்தபடி இருந்தார். சாய முடியவில்லை. நான் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு.

ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் மகன் அம்மாருக்குச் சொல்ல ஃபோனை எடுத்தேன். அவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அவனுக்குச் சொல்லாத."

"சொல்லாம?"

"சொன்னா வந்திருவான்."

"வரட்டுமே. வாப்பாவுக்குக் கழுத்துல குழாய் போடப் போறாங்க, பிள்ள வர வேண்டாமா?"

மூச்சு விட்டு விட்டுத்தான் பேசினார். "அவன் ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே கேட்டுட்டான். அவனோடதுல ஒண்ணு எனக்குத் தாரேன்னான். ரத்தமெல்லாம் பாத்துட்டான். பொருந்துதாம்."

மாரிராஜ் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"நீங்க வேண்டாம்னா அவன் கேக்குற ஆளா?"

"கேக்க மாட்டான். அதான்..." இரண்டு மூச்சு எடுத்தார். "உன் உம்மா வேண்டாங்கான்னு சொன்னேன். புள்ளைய அறுத்துப் புருசனுக்கு வைக்க அவளுக்கு மனசில்லன்னு சொன்னேன். நீ சொன்னாத்தான் நிப்பான்."

இரண்டு மாதமாக அம்மார் என்னோடு சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா என்பதைத் தாண்டிப் பேசவில்லை. வேலை அதிகம் என்று நான் நினைத்திருந்தேன்.

ரயில் கடந்தது. பெட்டி பெட்டியாக அதன் சத்தம் காருக்குள் வந்து போனது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை ஈரமாக, ஊதிப்போய், விரல்கள் மடங்காமல் இருந்தது. அதை ஒவ்வொரு விரலாக எடுத்து அவர் மடியில் வைத்தேன். பிறகு அம்மாருக்கு ஃபோன் போட்டேன்.

கேட் திறப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்கோ" என்றான். உம்மா என்று அவன் கூப்பிடவில்லை.